ஹெக்ஸ் – டெசிமல் மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ, சாயங்காலமானால் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் படகுக்குப் போகிற பையன்களும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால், எழுதிவைத்துவிட்டால் தொண்டைத் தண்ணியாவது மிச்சமாகுமே என்று உட்கார்ந்தேன். இதில் வரும் ஆறு ஆங்கில எழுத்துகளையும் (ஏ, பி, சி, டி, இ, எஃப்) சத்தப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தாக அடியுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து எதுவானாலும் மதிப்பு ஒன்றுதான்.

ஹெக்ஸ் என்றால் என்ன? எண்ணுக்குள் எழுத்து எதற்கு?

நாம் எழுதுகிற எண்ணில் பத்து சேர்ந்தால் அடுத்த இடத்துக்கு ஒன்று ஏறும், அதுதான் டெசிமல். ஹெக்ஸில் பதினாறு சேர்ந்தால்தான் ஏறும். அப்படியானால் 10 முதல் 15 வரை ஒரே இடத்தில் எழுத ஆறு குறிகள் வேண்டுமே, 0 முதல் 9 வரைதானே நம்மிடம் இருக்கிறது? அதற்காக எழுத்துகளைக் கடன் வாங்கினார்கள். ஏ என்றால் 10, பி 11, சி 12, டி 13, இ 14, எஃப் 15. பாடப்புத்தகத்தில் பதினாறுநிலை எண் முறை என்று இருக்கும். கடையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குக் கணக்கே வராது அண்ணே, வேறு மாதிரி சொல்ல முடியாதா?

முடியும், சொல்லப்போனால் எனக்கே அந்த வேறு மாதிரியில்தான் புரிந்தது. எங்கள் அப்பத்தா கருவாட்டு வியாபாரம். பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கியதில்லை. ஆனால் நூறு அணாவுக்குச் சரக்கு என்றால் யோசிக்காமல் 'ஆறு ரூபா நாலணா' என்பார். 1957 ஏப்ரல் 1 வரைக்கும் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, அதற்கப்புறம்தான் நூறு பைசா வந்தது. இப்போது ஏதாவது கால்குலேட்டரில் 100ஐ ஹெக்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், 64 என்று காட்டும். ஆறு ரூபாய், நாலணா. அவ்வளவுதான் விஷயம்.

அணாவை ரூபாயாக்கினால் டெசிமலிலிருந்து ஹெக்ஸ். ரூபாய் அணாவை முழுக்க அணாவாக உடைத்தால் ஹெக்ஸிலிருந்து டெசிமல். எஃப்எஃப் என்பது 15 ரூபாய் 15 அணா, அதாவது 240 அணாவும் 15 அணாவும், ஆக 255. அதோடு இன்னும் ஒரு அணா சேர்த்தால் 16 ரூபாய். அது இரண்டு இலக்கத்தில் அடங்காது. அப்போது 16 ரூபாயை ஒரு கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கட்டுக்கு 256 அணா. பதினாறு கட்டு ஒரு மூட்டை, 4096 அணா. கட்டும் மூட்டையும் நான் சேர்த்துக்கொண்டது, அப்பத்தா காலத்துக் கணக்கு ரூபாயோடு முடிந்துவிடும்.

கம்ப்யூட்டருக்கு ஏன் பதினாறு? பத்து போதாதா?

கம்ப்யூட்டருக்கு உண்மையில் பதினாறும் தெரியாது, 0, 1 இரண்டுதான் தெரியும். பதினாறு நமக்காக. அதற்கும் பழைய நாணயங்களே போதும். எட்டணா, நாலணா, இரண்டணா, ஓரணா என்று நாலு காசு, ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று உங்கள் மடியில் இருக்கிறது என்று நினையுங்கள். இந்த நாலை வைத்தே ஒன்றிலிருந்து பதினைந்து அணா வரை எந்தத் தொகையையும் சில்லறை பாக்கி இல்லாமல் கொடுத்துவிடலாம். பதினோரு அணா வேண்டுமா? எட்டணா கொடு, நாலணா வேண்டாம், இரண்டணா கொடு, ஓரணா கொடு. கொடுத்ததை 1 என்றும் கொடுக்காததை 0 என்றும் வரிசையாக எழுதினால் 1011. அதுதான் பி என்ற இலக்கத்தின் இருநிலை வடிவம். இதில் வரும் ஒவ்வொரு 0, 1 இடத்தையும் பிட் என்பார்கள்.

நாலு காசு, நாலு பிட், ஒரு ஹெக்ஸ் இலக்கம். ஒரு பைட்டில் எட்டு பிட் என்பதால் சரியாக இரண்டு ஹெக்ஸ் இலக்கம். பத்தின் கணக்கில் இந்தக் கச்சிதம் கிடைக்காது, பத்தைப் பாதி பாதியாக்கிக்கொண்டே போனால் ஐந்திலேயே மாட்டிக்கொள்வோம். நம் ஆட்கள் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று நாலு தடவை பாதியாக்கிப் பதினாறில் ஒரு பங்குக்கு வந்து நின்றார்களே, அதே பாதைதான். மாகாணியை வீசம் என்றும் சொல்வார்கள்.

சரி, ஹெக்ஸிலிருந்து டெசிமலுக்கு எப்படி மாற்றுவது?

இரண்டு வழி உண்டு. பரீட்சைக்கு எழுதுகிற வழியில் வலது கடைசி இடத்துக்கு 1, அதற்கு இடப்பக்கம் 16, அப்புறம் 256, 4096, 65536 என்று மதிப்புப் போட்டு, இலக்கத்தால் பெருக்கிக் கூட்டவேண்டும். 77ஏ என்றால் ஏழு 256 சேர்ந்து 1792, ஏழு 16 சேர்ந்து 112, கடைசியில் ஏ என்பது 10. கூட்டினால் 1914, பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய வருடம்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே 'பதினாறால் பெருக்கு, அடுத்ததைக் கூட்டு' என்பதைத் திரும்பத் திரும்பச் செய்வது. 7இ9 எடுத்துக்கொள்ளுங்கள். 7ஐ 16ஆல் பெருக்கினால் 112, அதோடு இ என்கிற 14 சேர்ந்து 126. அதை 16ஆல் பெருக்கினால் 2016, 9 சேர்ந்து 2025, இது புதுப் பாலம் திறந்த வருடம். 256, 4096 எதையும் ஞாபகம் வைக்கவேண்டாம், பதினாறாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். எங்கள் வாத்தியார் அதைத் தலைகீழாக ஒப்பிக்கச் சொல்லி முட்டி போடவைத்தபோது திட்டியிருக்கிறேன், இப்போது அதில்தான் சோறு.

டெசிமலிலிருந்து ஹெக்ஸுக்கு?

பதினாறால் வகுத்து மீதியைக் குறித்துக்கொண்டே போங்கள், ஈவு 0 ஆகும் வரை. 419 என்ற எண்ணை வைத்துப் பார்ப்போம். (கப்பல், படகு ரேடியோ அடையாள எண்களில் இந்தியாவுக்குக் கொடுத்திருக்கும் நாட்டு எண் இது, கீழே மறுபடி வரும்.) 419 அணாவை ரூபாயாக்கினால் 26 ரூபாய், மீதி 3 அணா. 26 ரூபாயைக் கட்டாக்கினால் ஒரு கட்டு, மீதி 10 ரூபாய். ஆக ஒரு கட்டு, பத்து ரூபாய், மூன்று அணா. பத்துக்கு ஏ போட்டால் 1ஏ3.

பெரிய எண் என்றாலும் இதே வேலைதான், கொஞ்சம் நேரம் கூடும். ராமேஸ்வரம் பின்கோடு 623526. பதினாறால் வகுத்தால் ஈவு 38970, மீதி 6. அதை வகுத்தால் 2435, மீதி 10. அப்புறம் 152, மீதி 3. அப்புறம் 9, மீதி 8. கடைசி 9ஐ வகுத்தால் ஈவு 0, மீதி 9. விடை 983ஏ6.

கால்குலேட்டரில் வகுக்கும்போது மீதி வராது, புள்ளி வைத்து ஏதோ வரும். பயப்படவேண்டாம், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் எடுத்து 16ஆல் பெருக்கினால் மீதி கிடைக்கும். 419ஐ வகுத்தால் 26.1875 வரும், அந்த 0.1875ஐ 16ஆல் பெருக்கினால் 3.

மீதிகளை மேலிருந்து எழுதுவதா, கீழிருந்தா?

கீழிருந்து மேல். பிள்ளைகள் மதிப்பெண் விடுவது முக்கால்வாசி இங்கேதான். முதலில் கிடைத்த மீதி சில்லறை அணா, அது எப்போதும் வலது ஓரத்தில்தான் நிற்கும். கடைசியில் கிடைத்தது பெரிய கட்டு, அது முன்னால் வரும். '3 அணா, 10 ரூபாய், ஒரு கட்டு' என்று யாராவது பணத்தை எண்ணிச் சொல்வார்களா? இன்னொரு தப்பு, மீதி 10 வந்தால் 10 என்றே எழுதிவிடுவது. 1103 என்று எழுதினால் அது வேறு எண்.

வெறும் 65 என்று இருந்தால் அது ஹெக்ஸா டெசிமலா?

பார்த்து மட்டும் சொல்ல முடியாது. எழுத்து ஒன்றாவது கலந்திருந்தால் ஹெக்ஸ் என்று தெரிந்துவிடும், வெறும் இலக்கங்களாக இருந்தால் பக்கத்தில் உள்ள அடையாளத்தைத்தான் நம்பவேண்டும். முன்னால் 0எக்ஸ் போட்டிருப்பார்கள், அல்லது பின்னால் எச், அல்லது கீழே சின்னதாக 16. நிறக் குறியீட்டில் முன்னால் # இருக்கும். நம் ராமநாதபுரம் மாவட்ட வண்டி எண்ணில் வரும் 65ஐ ஹெக்ஸுக்கு மாற்றினால் 41. அதே 65ஐ ஹெக்ஸ் என்று படித்தால் டெசிமலில் 101.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். மண்டபத்துப் பையன் ஒருவன் லேப்டாப்பைக் கொண்டுவந்தான், விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்று 0எக்ஸ்80070070 என்று பிழை காட்டியது. கடைசியில் 70 இருக்கிறதே என்று பிழைப் பட்டியலில் 70ஐப் பார்த்தேன், தூரத்து சர்வர் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. சரி நெட்தான் தகராறு என்று மோடத்தை அணைத்துப் போட்டு, கேபிளை மாற்றி, மத்தியானம் முழுக்க அதிலேயே போயிற்று. சாப்பிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, முன்னால் 0எக்ஸ் இருக்கிறது, அந்த 70 ஏழு ரூபாய், அதாவது 112. பட்டியலில் 112க்கு நேராக டிஸ்க்கில் இடமில்லை என்று இருந்தது. அக்கா கல்யாண வீடியோவை மூன்று தடவை காப்பி பண்ணி வைத்திருந்தான். இரண்டை அழித்ததும் அப்டேட் ஓடியது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்ததற்கு அவனிடம் காசு வாங்க மனசு வரவில்லை.

புள்ளி வைத்த எண்ணை மாற்ற முடியுமா?

முடியும். புள்ளிக்கு அடுத்த இடம் பதினாறில் ஒரு பங்கு, நம் மாகாணி. அதற்கடுத்தது 256இல் ஒரு பங்கு. அரை ரூபாய் எட்டணா, ஆகவே 0.5 ஹெக்ஸில் 0.8. முக்கால் ரூபாய் பன்னிரண்டணா, 0.75 ஹெக்ஸில் 0.சி. டெசிமல் பின்னத்தை 16ஆல் பெருக்கி, முழு எண் பாகத்தை எடுத்து எழுதி, மிச்சப் பின்னத்தை மறுபடி பெருக்கவேண்டும்.

ஆனால் எல்லாப் பின்னமும் இப்படி மரியாதையாக முடியாது. 0.1ஐ எடுங்கள். பதினாறால் பெருக்கினால் 1.6, ஒன்றை எழுதிவிட்டு 0.6ஐப் பெருக்கினால் 9.6, மறுபடி 0.6, மறுபடி 9.6. ஹெக்ஸில் 0.1999 என்று ஒன்பதாகப் போய்க்கொண்டே இருக்கும். நிறைய புரோகிராம்களில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராமல் இம்மி வித்தியாசம் வருகிறதே, காரணம் இதுதான், உள்ளே அந்த 0.1 வெட்டித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. 1957இல் இதே தொல்லை கைக்காசிலேயே வந்தது. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா, கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று ஏற்றி இறக்கி வாங்கினார்கள், நாலணாவில்தான் சரியாக 25 வந்து நின்றது. அந்த 25 பைசாவை 2011இல் செல்லாதாக்கும் வரை நாமும் நாலணா என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

தமிழ் எழுத்துக்கும் ஹெக்ஸ் எண் உண்டாமே?

உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் பொதுப் பட்டியல் யூனிகோடு. அதில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, டெசிமலில் 2944 முதல் 3071. அ 0பி85, க 0பி95. ழ எழுத்து 0பிபி4, 11ஐ 256ஆல் பெருக்கினால் 2816, பதினோரு பதினாறு 176, அதோடு 4, மொத்தம் 2996. இணையப் பக்கத்தின் நிரலில் ழ என்று எழுதினால் திரையில் ழ வரும். பழைய ஃபான்ட் குழப்பத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிற கோப்பைச் சரிசெய்யும்போது இந்த மாற்றம் கைகொடுக்கும்.

மாகாணி, அரைக்கால் போன்ற பின்னக் குறிகளுக்கும் 2019இல் யூனிகோடில் இடம் கிடைத்தது, 11எஃப்சி0இலிருந்து தொடங்குகிறது. பெருக்கிப் பாருங்கள், 73664 வரவேண்டும். பதினாறில் ஒன்றைக் குறிக்கும் நம் பழைய குறிக்குப் பதினாறின் கணக்கிலேயே விலாசம் எழுதியிருக்கிறார்கள், எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

பேனர் டிசைனில் நிறத்துக்கு ஆறு இலக்கம் கேட்கிறதே?

இரண்டிரண்டாகப் பிரியுங்கள், சிவப்பு, பச்சை, நீலம். 1இ90எஃப்எஃப் என்றால் சிவப்பு 30, பச்சை 144, நீலம் 255. வெயிலடிக்கிற நாளில் பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற நீலத்துக்குக் கிட்டத்தட்ட வரும். மொத்தம் 1,67,77,216 நிறம் எழுதலாம், பேனருக்கு வருபவர்கள் கேட்பது என்னவோ மஞ்சளும் சிவப்பும்தான்.

படகில் வைக்கும் பீக்கனில் 15 இலக்க எண் இருக்கிறது, அதை டெசிமலாக்கவேண்டுமா?

வேண்டவே வேண்டாம். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு ஆபத்து அறிவிக்கும் பீக்கன் எல்லாப் படகிலும் இருக்காது, இருப்பவர்கள் பதிவு செய்ய வருகிறார்கள். அதன் அடையாளம் 15 ஹெக்ஸ் இலக்கம், அதாவது 60 பிட். டெசிமலாக்கினால் 19 இலக்கம் வரை போகும், படிவத்திலும் ஹெக்ஸாகத்தான் கேட்பார்கள். இருக்கிறபடியே எழுதுங்கள். வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம்தான், ஓ என்ற எழுத்து ஹெக்ஸில் கிடையாது. நேர்கோடு தெரிந்தால் ஒன்று, ஐ என்ற எழுத்தும் கிடையாது. சிக்கல் 8க்கும் பிக்கும் இடையில்தான்.

பாம்பன் சம்மாட்டி (படகு முதலாளி) ஒருவர் அப்படி ஒன்று கொண்டுவந்தார். லேபிளில் உப்பும் டீசலும் ஏறி முதல் எழுத்து 8ஆ பியா என்று தெரியவில்லை, அடுத்து 47 என்பது தெளிவாக இருந்தது. 'தம்பி, எட்டுன்னே போட்டுவிடு' என்றார். கடலில் ஆளைத் தேடுகிற எண்ணில் குத்துமதிப்பாக எதையும் போடக்கூடாது என்று காசுக் கணக்கைப் போட்டேன். இந்த எண்ணில் முதல் பிட் வகையைக் காட்டும் ஒரு குறி, அடுத்த பத்து பிட் நாட்டு எண். பி47ஐ நாலு நாலு பிட்டாக எழுதினால் 1011 0100 0111. முதல் 1ஐ விட்டுவிட்டு அடுத்த பத்தை எடுத்தால் 0110100011, டெசிமலில் 419, இந்தியா. 8 என்று வைத்தால் 1000 0100 0111, நாட்டு எண் 35 என்று வரும், அப்படி ஒரு நாடு கிடையாது. இந்திய எண்ணோடு பதிந்த பீக்கன் 346, 347, பி46, பி47 இந்த நாலில் ஒன்றில்தான் தொடங்க முடியும். பி என்று எழுதிக்கொடுத்தேன், அவரும் வீட்டுக்குப் போய்ப் பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு பிதான் என்று போன் பண்ணினார்.

ஜிபிஎஸ்ஸில் வருவதும் ஹெக்ஸா?

இல்லை. அது டிகிரி, நிமிடம், அறுபதின் கணக்கு. மீன் கிடைத்த இடத்தைக் குறித்துவைத்த நோட்டை ஹெக்ஸாக்கித் தரச்சொல்லி யாரும் வரவேண்டாம்.

எக்ஸெலில் போட்டால் தானாக மாற்றிவிடுமே, இதெல்லாம் எதற்கு?

மாற்றும். ஹெக்ஸ்2டெக், டெக்2ஹெக்ஸ் என்று இரண்டு ஃபார்முலா இருக்கிறது, விண்டோஸ் கால்குலேட்டரிலும் புரோகிராமர் என்ற பகுதி உண்டு. ஆனால் எக்ஸெல் கட்டத்தில் 3இ8 என்று அடித்துப் பாருங்கள். ஹெக்ஸில் அது ஆயிரம். எக்ஸெல் அந்த இயை அறிவியல் குறியீடு என்று நினைத்து, மூன்றுக்குப் பின் எட்டு பூஜ்யம், 30 கோடி என்று வைத்துக்கொள்ளும். அடிப்பதற்கு முன்னால் கட்டத்தை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடவேண்டும், அடித்த பிறகு மாற்றினால் போனது போனதுதான். அந்த ஃபார்முலா பத்து இலக்கத்துக்கு மேல் வாங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பீக்கன் எண்ணை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

எஃப்எஃப் 255 என்கிறீர்கள், ஒரு வீடியோவில் மைனஸ் 1 என்கிறார்களே?

இரண்டும் சரி. எட்டு பிட்டில் கழித்தல் எண்ணையும் வைக்கவேண்டும் என்று முடிவு செய்தால் மேல் பாதியைக் கழித்தலுக்கு ஒதுக்கிவிடுவார்கள், அப்போது 80 முதல் எஃப்எஃப் வரை வரும் எண்ணிலிருந்து 256ஐக் கழிக்கவேண்டும். 255இல் 256 போனால் மைனஸ் 1. கேள்வியில் கூட்டல் கழித்தல் குறி உள்ள எண் என்று சொல்லாவிட்டால் 255 என்றே எழுதுங்கள்.

செய்த கணக்கு சரியா என்று சீக்கிரம் பார்க்க வழி உண்டா?

உண்டு. ஹெக்ஸ் இலக்கங்களின் மதிப்பைக் கூட்டி 15ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள், டெசிமல் எண்ணையும் 15ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். 983ஏ6இல் 9, 8, 3, 10, 6 கூட்டினால் 36, மீதி 6. 623526ஐ 15ஆல் வகுத்தாலும் மீதி 6. மீதி வேறாக வந்தால் கணக்கு நிச்சயம் தப்பு. ஒன்றாக வந்தால் பெரும்பாலும் சரி, ஆனால் மீதிகளை மேலிருந்து கீழாக எழுதி 6ஏ389 என்று வைத்திருந்தாலும் கூட்டல் அதே 36தான் வரும், அந்த மாதிரித் தப்பை இது பிடிக்காது.